இடுப்பெலும்புக்குப் பின்னால் ஒரு விரற்கடை

நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் என்று அழைக்கப்படும் விளையாட்டில் போட்டியாளர் இடுப்பில் கட்டும் பெல்ட்டை உடையோடு சேர்த்து எண்ணுவது தவறு. துப்பாக்கியோடு சேர்த்து எண்ண வேண்டிய கருவி அது. வலது கைப் பழக்கமுள்ளவரின் வலது இடுப்பில் துப்பாக்கிக்கான உறையும் இடது இடுப்பில் வரிசையாக நான்கைந்து பவுச்சுகளும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பவுச்சிலும் ஒரு மேகசின், அதாவது தோட்டாக்களைச் சுருள்வில்லின் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துத் துப்பாக்கியின் பிடிக்குள் நுழைக்கப்படும் நீள்பெட்டி, தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, பவுச்சுகளை வாங்கிய கையோடு பெல்ட்டில் கிடைத்த இடத்தில் மாட்டிக்கொண்டு களமிறங்குவது வழக்கமாக இருக்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் மூன்று வகைப் பவுச்சுகளையும் அவற்றைத் தாங்கும் பெல்ட்டையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பொருத்தும் இடத்தையும் சாய்வையும் விட்டுவிட்டு அந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது. ஏனெனில் விலை உயர்ந்த பவுச் தவறான இடத்தில் இருந்தால், சரியான இடத்தில் இருக்கும் மலிவான பவுச்சிடம் அது தோற்றுப்போகும்.

இந்திய வாசகர் அறிந்த துப்பாக்கி சுடுதல் பெரும்பாலும் ஒலிம்பிக் வகையைச் சேர்ந்தது. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வீராங்கனை ஓரிடத்தில் நின்று, ஒரே கையால் குறிபார்த்து, ஒவ்வொரு ரவையாக ஏற்றிச் சுடுகிறார். அங்கே பவுச்சுக்கு வேலையில்லை. நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் வேறு கிளை. 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில், ஜெஃப் கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு உருவான சர்வதேசக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி, இதன் விதிகளை வகுத்தது. துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சோதிப்பதே அதன் குறிக்கோள் என்பதால், போட்டியாளர் ஓடுகிறார், குனிகிறார், தடுப்புகளுக்கு இடையில் புகுந்து சுடுகிறார், தோட்டா தீரும் முன்பே மேகசினை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைகிறார். இவ்வாறு அமைக்கப்படும் ஒவ்வொரு சோதனைக் களத்துக்கும் ஸ்டேஜ் என்று பெயர்.

பெல்ட்டின் அமைப்பு எவ்வளவு மதிப்புடையது என்பதை மதிப்பெண் முறையே காட்டிவிடுகிறது. ஒரு ஸ்டேஜில் பெற்ற புள்ளிகளை, அதை முடிக்க எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் கிடைக்கும் ஈவுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். அதுவே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஒருவர் 150 புள்ளிகளை 15 விநாடிகளில் எடுத்தால் அவருடைய ஹிட் ஃபேக்டர் 10. அதே புள்ளிகளோடு ஒரே ஒரு மேகசின் மாற்றத்தில் மட்டும் தடுமாறி ஒரு விநாடி கூடுதலாகச் செலவிட்டால் அது 9.375-க்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஒரு விநாடியின் விலை ஏறத்தாழ 10 புள்ளிகள். துப்பாக்கியின் வகைப்படி போட்டியாளர்கள் பிரிக்கப்படும் பிரிவுகளுள் ஒன்றான புரொடக்ஷனில் இலக்கின் நடுப்பகுதியில் படும் ஒரு சுடுக்கு 5 புள்ளியும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு 3 புள்ளியும் தரப்படுவதால், ஐந்து சுடுகள் நடுவிலிருந்து விலகினால் ஏற்படும் இழப்பும் பவுச்சில் விரல் ஒருமுறை வழுக்கினால் ஏற்படும் இழப்பும் சமம். இதை உணர்ந்த பிறகு எவரும் பவுச்சை அலட்சியமாக மாட்ட மாட்டார்கள்.

மேகசினை எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பது பிரிவைப் பொறுத்தது. ஓப்பன் பிரிவில் 170 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள மேகசின் அனுமதிக்கப்படுவதால், 32 சுடுகள் கொண்ட நீண்ட ஸ்டேஜைக்கூட ஒரே மாற்றத்தில் முடித்துவிடலாம். ஸ்டாண்டர்ட் பிரிவில் மேகசின் பொருத்திய துப்பாக்கி 225 மில்லிமீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் உயரமும் 45 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் கொள்ளளவு சற்றுக் குறைகிறது. புரொடக்ஷன் பிரிவில் ஒரு மேகசினில் 15 தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓரிடத்திலிருந்து எட்டுச் சுடுகள் வீதம் நான்கு இடங்களிலிருந்து சுட வேண்டிய ஸ்டேஜை எடுத்துக்கொண்டால், முதல் இடத்தில் எட்டுப் போக மீதமிருக்கும் ஏழு தோட்டாக்கள் இரண்டாம் இடத்துக்குப் போதாது. எனவே ஒவ்வோர் இடமாற்றத்திலும் மேகசினை மாற்றியாக வேண்டும், ஆக மூன்று மாற்றங்கள். கிளாசிக் பிரிவில் தோட்டாவின் வலிமையைப் பொறுத்து வரம்பு எட்டாகவோ பத்தாகவோ சுருங்கிவிடுவதால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். பவுச்சின் இடம் பற்றிய கவலை ஓப்பன் போட்டியாளருக்கு ஒரு பங்கு என்றால் புரொடக்ஷன், கிளாசிக் போட்டியாளர்களுக்கு மூன்று நான்கு பங்கு. இக்கட்டுரையும் அவர்களையே முதன்மையாகக் கருதுகிறது.

முதலில் பெல்ட். இன்றைய போட்டிப் பெல்ட் இரண்டு அடுக்குகளால் ஆனது. உள் பெல்ட் கால்சட்டையின் வளையங்களுக்குள் நுழைந்து இடுப்பைச் சுற்றி நிற்க, அதன் வெளிப்புறத்தில் வெல்க்ரோவின் மென்மையான பக்கம் தைக்கப்பட்டிருக்கும். உறையும் பவுச்சுகளும் பொருத்தப்பட்ட, ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமுள்ள விறைப்பான வெளிப் பெல்ட் அதன்மேல் அழுத்தி ஒட்டப்படுகிறது. தோட்டா நிரம்பிய 9 மில்லிமீட்டர் மேகசின் ஒன்று கால் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. புரொடக்ஷன் பிரிவில் பெரிதும் விரும்பப்படும் சி.இசட். ஷேடோ 2 போன்ற எஃகுத் துப்பாக்கி மேகசினில் தோட்டாக்கள் இல்லாமலேயே 1.3 கிலோ எடையைத் தொடுகிறது. ஐந்து மேகசின்களோடு சேர்த்தால் இடுப்பு சுமக்கும் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சுமையோடு ஓடித் திடீரென நிற்கும்போது மென்மையான பெல்ட் முறுக்கிக்கொள்ளும், பவுச்சின் தலைப்பகுதி உடலைவிட்டு வெளிப்பக்கம் கவிழும், மேகசினை இழுக்கும்போது பெல்ட்டும் சேர்ந்து மேலே வரும். மேகசினை உருவும்போது பெல்ட் ஒரு விரற்கடை உயர்ந்தால்கூட அடுத்த மேகசின் இருக்கும் இடம் மாறிவிடுகிறது. கையில் இருக்கும் பணம் குறைவாக இருந்தால் பவுச்சில் சிக்கனம் பிடிக்கலாம், பெல்ட்டில் பிடிக்கக் கூடாது என்பதே இவற்றை அணிந்து பழகிய பின் எழும் உறுதியான முடிவு. கடையில் சோதிப்பதும் எளிது: பெல்ட்டின் ஒரு முனையைக் கையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டும்போது அது துணியைப் போலத் தொங்கிவிட்டால் இந்த வேலைக்கு ஆகாது.

பவுச்சுகளில் முதல் வகை நிலையான கோணமுடையது. கைடெக்ஸ் எனப்படும், சூட்டில் வளையும் பிளாஸ்டிக் தகட்டை மேகசினின் வடிவத்துக்கு அச்செடுத்துச் செய்யப்படும் இவ்வகையில் அமெரிக்காவின் பிளேட்-டெக் நிறுவனத் தயாரிப்புகள் நன்கு அறியப்பட்டவை. உடையக்கூடிய நுண்ணிய பாகங்கள் இல்லை, மேகசினைச் செருகும்போது தெளிவான ஒரு சொடுக்கு கேட்கிறது, ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் ஒரு துப்பாக்கிக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது; இரண்டு மேகசின்கள் ஒட்டியபடி வரும் இரட்டைப் பவுச்சில் இடைவெளியும் தயாரிப்பாளர் தீர்மானித்ததே. அந்தக் கோணமும் இடைவெளியும் தற்செயலாக ஒருவருடைய கைக்குப் பொருந்திவிட்டால் அவருக்கு வேறெதுவும் தேவையில்லை. பொருந்தாவிட்டால் சரிசெய்ய வழியுமில்லை.

இரண்டாம் வகை திருகாணிகளால் சரிசெய்யத்தக்கது. நெதர்லாந்தின் டபுள் ஆல்ஃபா அகாடமி, இத்தாலியின் கோஸ்ட், தென்னாப்பிரிக்காவின் சி.ஆர். ஸ்பீடு ஆகியவை இவ்வகையில் முன்னணியில் உள்ளன. பவுச்சைப் பெல்ட்டோடு இணைக்கும் கொக்கியில் உள்ள திருகாணியைத் தளர்த்தினால் பவுச்சை முன்னும் பின்னும் சாய்க்கலாம். பக்கவாட்டிலுள்ள திருகாணி மேகசினை இறுகப் பிடிக்கும் அழுத்தத்தை மாற்றுகிறது. சிலவற்றில் உள்ளே பொருத்தும் மெல்லிய தகடுகளை மாற்றிப் போட்டு வெவ்வேறு அகலமுள்ள மேகசின்களுக்கும் பயன்படுத்தலாம். ஒரே ஒரு ஆலன் கீ போதும், பத்து நிமிடத்தில் முழு அமைப்பையும் மாற்றிவிடலாம். இந்த வசதியே இதன் குறையும் ஆகிறது: திருகாணிகள் அதிகமிருக்கும் இடத்தில் தளரக்கூடிய திருகாணிகளும் அதிகம். நூற்றுக்கணக்கான முறை மேகசினை உருவிச் செருகும் பயிற்சியின் அதிர்வில் சாய்வுத் திருகாணி மெல்ல நழுவும்போது பவுச் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. போட்டியாளரோ தம் கைதான் பிசகுகிறது என்று எண்ணிக் கையைத் திருத்த முற்படுகிறார். ஆயினும் தம் உடலுக்கு ஏற்ற இடம் எது என்று இன்னும் அறியாத புதியவருக்கு இவ்வகையே உகந்தது.

மூன்றாவது காந்தப் பவுச். இதில் மேகசினைச் சூழ்ந்து பிடிக்கும் சுவர்களே இல்லை. வலுவான காந்தத்தின் மீது எஃகு மேகசினின் முதுகு ஒட்டிக்கொண்டிருக்க, தோட்டாக்களின் முனை உடலைவிட்டு வெளிநோக்கி இருக்கும். உருவ வேண்டியதில்லை, பற்றி இழுத்தாலே வந்துவிடும் என்பதால் முதல் மாற்றத்துக்கு இதைவிட விரைவான ஏற்பாடு அரிது. பாதி தீர்ந்த மேகசினை ஒட்டிவைக்கவும் சிலர் இதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் இதன் முழுப் பயனும் பெல்ட்டின் முன்புறத்தில், நடுப்பகுதிக்குச் சற்று இடப்பக்கம் பொருத்தும்போதுதான் கிடைக்கிறது. அந்த இடம் ஓப்பன், ஸ்டாண்டர்ட் பிரிவினருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. தாழ்வான திறப்பு வழியாகக் குனிந்து சுடும்போது தொடையோ தடுப்பின் சட்டமோ மேகசினைத் தட்டி வீழ்த்திவிடும் அபாயமும் உண்டு. பிளாஸ்டிக் உடல் கொண்ட மேகசின்களில் காந்தத்தின் பிடி எஃகில் இருப்பதுபோல் உறுதியாக இருப்பதில்லை. புரொடக்ஷன் போட்டியாளர் ஒருவர் இதற்குப் பணம் செலவிடுவதை எவ்வகையிலும் பரிந்துரைக்க முடியாது.

இனி இடம். புரொடக்ஷன் பிரிவின் விதி, உறை, பவுச், மேகசின் அனைத்தும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்கிறது. இடுப்பின் முன்பக்கத்தில் இருபுறமும் தொட்டால் கையில் தட்டுப்படும் எலும்பு மேடு அது. இதனோடு, ஸ்டாண்டர்ட், புரொடக்ஷன் பிரிவுகளில் இச்சாதனங்கள் உடலிலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கக் கூடாது என்பதும் விதி. களநடுவர் அதை அளந்து பார்க்கலாம். இந்த எல்லைகளை அறிந்தவுடன் பலரும் முதல் பவுச்சை எலும்பு மேட்டை ஒட்டி, விதி அனுமதிக்கும் கடைசி நூலிழை வரை முன்னே தள்ளுகின்றனர். கை செல்லும் தூரம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கை நேர்கோட்டில் செல்வதில்லை. முழங்கை விலாவை ஒட்டி மடிந்திருக்க, அதையே அச்சாகக் கொண்டு முன்கை ஒரு வில்லைப் போல் கீழிறங்குகிறது. அந்த வில்லின் முடிவில் உள்ளங்கை இயல்பாக வந்து அமரும் இடம் பெரும்பாலோருக்கு எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு விரற்கடை தள்ளி இருக்கிறது. அதற்கு முன்னால் பவுச் இருந்தால் மணிக்கட்டை உள்ளே மடித்துத்தான் மேகசினைப் பற்ற முடியும். மடிந்த மணிக்கட்டால் பற்றிய மேகசின் பிடியின் வாயை அடையும்போது கோணலாகவே வந்து சேர்கிறது.

தமக்குரிய இடத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. தோட்டா எதுவும் அறையில் இல்லை என்பதையும், துப்பாக்கியும் மேகசின்களும் காலியாக உள்ளன என்பதையும் இருமுறை உறுதிசெய்துகொண்டு, பவுச்சுகள் இல்லாத பெல்ட்டை மட்டும் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்துக் குறிபார்க்கும் நிலையில் நிற்க வேண்டும். பிறகு கண்களை மூடி, இடக்கையை அவசரமின்றி இடுப்புக்கு இறக்கி, அது தொட்ட இடத்தில் பெல்ட்டின்மீது ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்ட வேண்டும். பத்து முறை செய்தால் ஒட்டுத்தாள்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பதைக் காணலாம். அந்தக் குவியலின் நடுவே முதல் பவுச் வர வேண்டும். அது எலும்பு மேட்டுக்கு முன்னால் அமைந்துவிட்டால் மட்டுமே விதிக்காகப் பின்னே நகர்த்த வேண்டும். பிரபல வீரர்களின் படங்களைப் பார்த்து அவர்களுடைய பெல்ட்டை அப்படியே பின்பற்றுவது பயனற்றது, ஏனெனில் அந்தப் படத்தில் இருப்பது அவர்களுடைய தோளின் அகலமும் முன்கையின் நீளமும்தான்.

பற்றும் முறையை அருகிருந்து பார்த்தால் சாய்வின் காரணமும் புலப்படும். மேகசின் பவுச்சில் தலைகீழாக, அடித்தட்டு மேலேயும் தோட்டாக்களின் முனை வயிற்றுப் பக்கம் நோக்கியும் இருக்கிறது. கீழிறங்கும் கையின் உள்ளங்கை முதலில் அடித்தட்டின்மீது படிகிறது. சுட்டுவிரல் மேகசினின் முன்விளிம்பை ஒட்டி நீண்டு முதல் தோட்டாவின் முனைக்கு அருகே சென்று நிற்கிறது. பெருவிரலும் நடுவிரலும் இரு பக்கங்களையும் கவ்வுகின்றன. கை மேலெழும்போது நீட்டிய சுட்டுவிரல்தான் மேகசினுக்கு வழிகாட்டி. இருட்டில் ஒருவர் தம் மூக்கைத் தொடுவதுபோல, அந்த விரலின் நுனியைப் பிடியின் வாய்க்குக் கொண்டுசென்றால் மேகசினும் அங்கே சென்று சேர்கிறது. இதே நேரத்தில் வலக்கை துப்பாக்கியைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உடலருகே இழுத்து, பிடியின் வாய் இடப்பக்கம் தெரியுமாறு திருப்பியிருக்கிறது; சுட்டுவிரல் விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும், மேகசின் மாற்றும்போது விரல் வளையத்துக்குள் இருந்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். பவுச் செங்குத்தாக இருந்தால் கை முதலில் நேர்மேலே இழுத்துப் பின்பு முன்னோக்கி வளைய வேண்டும். அடித்தட்டு சற்று முன்னே கவிழுமாறு பவுச்சைச் சாய்த்துவிட்டால் உருவும் திசையும் பிடியின் வாயை நோக்கிச் செல்லும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. முதல் பவுச்சுக்குச் சிறிய சாய்வு போதும். பின்னால் செல்லச் செல்ல முழங்கை பின்னோக்கிப் போவதால் சாய்வையும் சற்றுக் கூட்ட வேண்டும். எல்லாப் பவுச்சுகளையும் ஒரே கோணத்தில் அணிவகுக்க வைப்பது கண்ணுக்கு அழகு; மூன்றாம் நான்காம் மேகசினை எடுக்கும் கைக்கு அது துன்பம்.

பவுச்சுகளுக்கு இடையிலான இடைவெளியைப் பொறுத்தவரை, இரண்டு மேகசின்களின் அடித்தட்டுகளுக்கு நடுவே நடுவிரல் உரசாமல் நுழைய வேண்டும் என்பது போதுமான அளவுகோல். எடைக்காகப் பெரிய அடித்தட்டு பொருத்தியவர்கள் பவுச்சுகளின் இடைவெளியைப் பார்க்காமல் அடித்தட்டுகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

இறுக்கம் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. மேகசின் நிரப்பிய பெல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உலுக்கும்போது எதுவும் விழாததும், அணிந்த நிலையில் இரு விரல்களால் இழுக்கும்போது பெல்ட் அசையாமல் மேகசின் மட்டும் வருவதுமாக இருந்தால் அழுத்தம் சரி. ஆனால் எல்லாப் பவுச்சுகளுக்கும் ஒரே அழுத்தம் பொருந்தாது. முன்னுள்ள பவுச்சைக் கைக்குத் தெரியாத அளவு இலகுவாக வைக்கலாம். பின்னால் உள்ளது ஓடும்போது அதிகம் குலுங்குவதோடு, நாற்காலியில் அமர்ந்த நிலையில் தொடங்கும் ஸ்டேஜ்களில் நாற்காலியின் கைப்பிடியில் உரசவும் கூடும் என்பதால் அதற்குச் சற்று இறுக்கம் வேண்டும். இன்னொன்று, காலி மேகசினை வைத்து அழுத்தத்தை அமைத்துவிட்டு நிரம்பிய மேகசினோடு போட்டிக்குச் செல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். எடை கூடியவுடன் குலுங்கும் விசையும் கூடிவிடுகிறது. வீட்டுப் பயிற்சியில் மருந்து அடைக்காத போலித் தோட்டாக்களால் எடையை நிரப்பிய மேகசினைப் பயன்படுத்துவது இதற்காகவே.

உடலமைப்பு இக்கருவிகளின் வடிவமைப்பில் போதிய அளவு கருதப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. வயிறு முன்தள்ளிய ஒருவருக்குப் பெல்ட் முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்வதால், சந்தையில் வரும் பவுச்சின் செங்குத்து நிலையே அவர் இடுப்பில் சாய்வாகிவிடுகிறது. பெண்களுக்கு இடர் இன்னும் கூடுதல். இடுப்பின் வளைவினால் பெல்ட்டின் கீழ்விளிம்பு வெளித்தள்ள, மேல்விளிம்பும் அதிலுள்ள மேகசினின் அடித்தட்டும் விலாவில் குத்துகின்றன. அடித்தட்டுக்கும் உடலுக்கும் நடுவே பெருவிரல் நுழைய இடமே இருப்பதில்லை. பெண் போட்டியாளர்கள் பெல்ட்டை இடுப்புமூட்டு மட்டத்துக்கு இறக்கி அணியலாம், ஆனால் பெல்ட்டின் மேல்விளிம்பு தொடையெலும்பின் மேல்முனைக்குக் கீழே போகக் கூடாது என்று ஐ.பி.எஸ்.சி விதி இதற்கு வழிவிட்டிருக்கிறது. பவுச்சைத் தாழ்த்தியும் உடலிலிருந்து விலக்கியும் பிடிக்கும் இணைப்புத் தகடுகளும் கிடைக்கின்றன. 50 மில்லிமீட்டர் எல்லைக்குள் இவை பெரிதும் உதவுகின்றன. சரிசெய்யத்தக்க பவுச்சுகளின் உண்மையான மேன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. ஓர் அளவு எல்லார்க்கும் பொருந்தும் என்று செய்யப்பட்ட நிலையான பவுச்சில் இப்போட்டியாளர்களுக்குத் தீர்வே இல்லை.

நின்ற இடத்தில் செய்து பார்த்த அமைப்பை ஓட்டத்திலும் சோதிக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் வலமிருந்து இடமாக ஓடும்போது உடல் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. மேகசின் மாற்றும் வழக்கமான நிலையில் குழல் முனை உடலுக்கு முன்னும் சற்று இடமும் நோக்குவதால், அது பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் திரும்பும் அபாயம் இத்திசை ஓட்டத்தில் மிகுதி. இதைத் தவிர்க்கத் துப்பாக்கியை வலப்பக்கம், இலக்குகளை நோக்கியே நிறுத்திவைத்துக்கொண்டு ஓட வேண்டும். அப்போது இடது இடுப்பிலுள்ள பவுச்சுக்கும் பிடியின் வாய்க்கும் இடையிலான தூரம் கூடிவிடுகிறது. முதல் பவுச் அளவுக்கு மீறிப் பின்னால் இருந்தால் மேகசினோடு வரும் கை வயிற்றைக் கடந்து நெடுந்தூரம் செல்ல நேர்கிறது, அந்த அவசரத்தில் துப்பாக்கியையே மேகசினை நோக்கித் திருப்பும் தவறு நிகழ்கிறது. தகுதி நீக்கத்தில் முடியும் தவறு அது. ஆகவே ஒட்டுத்தாள் சோதனையில் கிடைத்த இடத்தை இந்த ஓட்டத்திலும், இரு திசைகளிலும், காலித் துப்பாக்கியோடு மெதுவாக நடந்து சரிபார்த்த பிறகே இறுதி செய்ய வேண்டும். இடமிருந்து வலமாக ஓடுகையில் இச்சிக்கல் ஏறத்தாழ இல்லை. இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கு இவை யாவும் தலைகீழ்.

இயக்கத்தினிடையே நடக்கும் மேகசின் மாற்றத்துக்குத் தனியாக நேரம் செலவாவதில்லை என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். அடுத்த இடத்தை அடைய இரண்டு விநாடி ஆகும் என்றால், ஒன்றரை விநாடியில் மாற்றினாலும் ஒரு விநாடியில் மாற்றினாலும் ஹிட் ஃபேக்டரில் மாற்றமில்லை. இடத்தை அடைந்த பின்னும் மேகசின் செருகப்படாமல் இருந்தால் மட்டுமே இழப்பு. பத்தில் ஒருமுறை மின்னலாக அமைந்து இருமுறை தடுமாறும் பெல்ட்டைவிட, பத்து முறையும் ஒரே சீராக அமையும் பெல்ட்டே புரொடக்ஷன் போட்டியாளருக்கு வேண்டியது. இந்த அளவுகோலின்படி, விறைப்பான இரட்டைப் பெல்ட்டில் சரிசெய்யத்தக்க பவுச்சுகள் நான்கை, தேவைப்பட்டால் ஐந்தை, பொருத்துவதே முதலிடம் பெறுகிறது. கைடெக்ஸ் பவுச் தம் கோணத்தை ஏற்கெனவே அறிந்துகொண்டவர்க்கும், காந்தப் பவுச் ஸ்டாண்டர்ட், ஓப்பன் பிரிவினரின் முதல் மேகசினுக்கும் உரியவை.

இடமும் சாய்வும் முடிவானதும், பவுச் கொக்கியின் இரு ஓரங்களையும் தொட்டுப் பெல்ட்டின் மேல்விளிம்பில் வெள்ளை மார்க்கரால் கோடிட வேண்டும். சாய்வுத் திருகாணியின் தலையிலிருந்து பவுச்சின் உடல்வரை செல்லும் மெல்லிய கோடு ஒன்றும் வேண்டும். திருகாணி நழுவினால் அக்கோடு இரண்டாக முறிந்து தெரியும். திருகாணியின் மரையில் கழற்றக்கூடிய வகைப் பசையில் ஒரு சொட்டு இட்டு, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பயிற்சிக்கு முன் ஆலன் கீயால் மெல்லத் திருப்பிப் பார்த்தால் அது பிடித்துக்கொண்டதா என்பது தெரிந்துவிடும். மணற்பாங்கான களத்திலிருந்து திரும்பியதும் பவுச்சுகளைக் கவிழ்த்துத் தட்டி, உட்சுவரை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் இடக் கூடாது. எண்ணெய் மணலைப் பிடித்துவைத்து, முதல் நாள் இலகுவாக உருவிய அதே மேகசினை அடுத்த வாரம் இறுகப் பற்றிக்கொள்ளும்.